தொட்டால் ஒளிரும் விளக்கு

மின்சார வேலை செய்பவரின் சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் டெஸ்டரைக் காணாதவர் நம் நாட்டில் அரியர். பார்வைக்கு அது ஒரு சிறு திருப்புளி. அதன் முனையை மின்சாரத் துவாரத்தில் வைத்து, மறுமுனையிலுள்ள உலோகத் தலையை விரலால் தொட்டதும், பிடிக்குள் அடங்கிய சின்னஞ்சிறு நியான் குமிழ் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்கிறது. விரலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. நாள்தோறும் இதைச் செய்பவரிடம், விரல் பட்டவுடன் குமிழ் எரிவது ஏன் என்று கேட்டால், சுற்று முழுமை பெறுவதால் என்று கூறுவார். விடை சரியானதே, ஆனால் பாதி விடை. மின்சாரம் உடலின் வழியே செல்கிறது என்றால் அவருக்கு அதிர்ச்சி உண்டாகாதது எதனால்? ரப்பர் செருப்பு அணிந்து மர முக்காலியின்மேல் நின்றவாறு தொட்டாலும் குமிழ் ஒளிர்வது எதனால்?

டெஸ்டருக்குள் குமிழுடன் தொடராக ஏறத்தாழ ஒரு மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம், அளவுள்ள தடை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. மின்னோட்டம் கட்டுக்குள் நிற்பதற்கு அதுவே காரணம். முக்காலியின்மேல் நிற்பவரின் நிலையோ இன்னும் சுவையானது. அவருடைய உடலும் தரையும், நடுவே காற்றும் மரமும் இருக்க, ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளாக அமைகின்றன. மனித உடலின் மின்தேக்குத் திறன் ஏறத்தாழ 100 பைக்கோ பேரட். வினாடிக்கு 50 சுழற்சிகளுடன் வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் இத்தேக்கியை நிரப்பியும் வடித்தும் வரும்போது, ஏறத்தாழ 7 மைக்ரோ ஆம்பியர் ஓட்டம் உண்டாகிறது. ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நியான் குமிழ் மங்கலாக ஒளிர இது போதும். மனிதர் உணர்வதற்கோ இது போதாது.

இந்த 7 மைக்ரோ ஆம்பியர் என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நலம். வீட்டிலோ பள்ளியிலோ எளிதில் செய்யக்கூடிய, விரல் தொட்டால் ஒளிரும் விளக்கொன்றை இங்கு விவரிக்கப் போகிறோம். அதிலும் விரலின் வழியே செல்லும் ஓட்டம் ஏறத்தாழ இதே அளவினதாகவே இருக்கும். ஆயினும் இரண்டிற்கும் அடிப்படையில் ஒரு வேற்றுமை உண்டு. டெஸ்டரில் குமிழை எரிக்கும் மின்சாரமே உடலின் வழியாகவும் செல்கிறது. தொடு விளக்கில் அவ்வாறன்று. விளக்கை எரிப்பது பாட்டரி, விரலோ அதற்கு அனுமதி மட்டுமே அளிக்கிறது. மதகைத் திறக்கும் கையின் வலிமை, கால்வாயில் பாயும் நீரின் வலிமையோடு ஒப்பிடத்தக்கதன்று, இதுவும் அத்தகையதே.

விரல் என்னும் தடை

மாணவர் பலர் விரலை ஒரு சுவிட்சு என்று கருதுகின்றனர். தொட்டால் மூடுகிறது, விட்டால் திறக்கிறது என்பது அவர்கள் எண்ணம். இக்கருத்தைத் தொடக்கத்திலேயே திருத்திவிடுவது நல்லது. விரல் ஒரு தடை. அதுவும் நிலையான அளவு இல்லாத தடை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரு உலோகத் துண்டுகளின்மேல் உலர்ந்த விரலை வைத்து மல்டிமீட்டரால் அளந்தால், சில லட்சம் ஓம் முதல் சில மெகா ஓம் வரை காட்டும். விரலை நீரில் நனைத்து மீண்டும் வைத்தால் அத்தடை பல மடங்கு குறைந்து, ஆயிரங்களில் எண்ணத்தக்க அளவிற்கு இறங்கிவிடும். அழுத்தி வைத்தால் ஒரு விடை, மெல்ல வைத்தால் வேறு விடை. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கைக்கும் சிறு குழந்தையின் கைக்கும் இடையே உள்ள வேற்றுமையை மீட்டர் தெளிவாகக் காட்டும். இத்தடையில் பெரும் பங்கு தோலின் மேற்புறமுள்ள உலர்ந்த, உயிரற்ற படலத்தினுடையது. அதன் அடியில் உள்ள உடலோ உப்பு நீர் நிறைந்தது. மின்சாரத்தை எளிதாகவே கடத்துவது.

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று பெரியோர் எச்சரிப்பதன் பொருள் இங்குதான் விளங்குகிறது. அவ்வெச்சரிக்கையை நூறு முறை கேட்ட மாணவன், மீட்டரின் எண் தன் விரலுக்கே ஒரு மெகா ஓமிலிருந்து ஐம்பதாயிரம் ஓமுக்குச் சரிவதை ஒரு முறை கண்டால் போதும். வகுப்பில் நேரம் குறைவாக இருந்தால், விளக்குச் செய்வதை விட்டுவிட்டு இந்த அளவை மட்டுமாவது செய்து காட்டலாம்.

இனி, 9 வோல்ட் பாட்டரி ஒன்றின் இரு முனைகளுக்கிடையே ஒரு மெகா ஓம் தடையுள்ள விரல் இருப்பதாகக் கொள்வோம். ஓமின் விதிப்படி கிடைப்பது 9 மைக்ரோ ஆம்பியர். எல்.இ.டி. எனப்படும் சிறு ஒளி டயோடு நன்கு ஒளிர்வதற்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர். ஆயிரம் மடங்குக்கும் மேல். இவ்விடைவெளியைக் கடக்கப் பாலம் அமைப்பது டிரான்சிஸ்டர்.

ஒன்று போதாது, இரண்டு வேண்டும்

1947-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன் ஆகிய இருவரும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அவர்களும் ஷாக்லியும் 1956-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நம் நாட்டில் பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-இல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஜெர்மேனியம் வகை சூட்டைத் தாங்காது. பற்றவைக்கும்போது சற்று அயர்ந்தாலும் பழுதாகிவிடும். இன்று கடைகளில் கிடைக்கும் சிலிக்கன் டிரான்சிஸ்டர் அந்த அளவுக்கு நுண்மையானதன்று. விலையும் சில ரூபாய்தான். ஆகவே ஒன்றிரண்டு கெட்டுப்போனாலும் மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: கலெக்டர், பேஸ், எமிட்டர். பேஸின் வழியே உட்புகும் சிறு ஓட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குச் செல்லும் பெரிய ஓட்டத்தை ஆள்கிறது. பி.சி. 547 என்னும் எளிய வகையில் இப்பெருக்கம் 110 முதல் 800 மடங்கு வரை இருக்கலாம். பெயரின் இறுதியில் ஏ, பி, சி என்னும் எழுத்துகளில் ஒன்று இருந்தால் அது பெருக்கத்தின் தரத்தைக் குறிக்கும். சி வகைக்கே பெருக்கம் மிகுதி. சராசரியாக 200 என்று வைத்துக்கொண்டால், விரல் தரும் 7 மைக்ரோ ஆம்பியர் 1.4 மில்லி ஆம்பியராக உயரும். விளக்கு மங்கலாக ஒளிரும். இருண்ட அறையில் தெரியும், வெயில் புகும் வகுப்பறையில் தெரியாது. விரல் மிகவும் உலர்ந்திருந்தால் ஒளியே காணப்படாது. ஒரே டிரான்சிஸ்டரைக் கொண்டு செய்து, வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர் பலருக்கு நேர்ந்தது இதுவே.

1953-இல் காப்புரிமை வழங்கப்பெற்ற ஓர் அமைப்பு இதற்கு வழி காட்டுகிறது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிட்னி டார்லிங்டன் என்பவர் இரு டிரான்சிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார். முதலாவதன் எமிட்டரிலிருந்து வெளிவரும் ஓட்டம் அப்படியே இரண்டாவதன் பேஸுக்குள் செல்லும். பெருக்கங்கள் கூடுவதில்லை, ஒன்றையொன்று பெருக்குகின்றன. 200-ஐ 200-ஆல் பெருக்க 40,000. எனவே விளக்கு முழுமையாக ஒளிர, விரலிலிருந்து ஒரு மைக்ரோ ஆம்பியரின் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே போதும் என்று கணக்குக் காட்டுகிறது. மிகச் சிறிய ஓட்டங்களில் டிரான்சிஸ்டரின் பெருக்கம் சற்றுக் குறையுமாதலால் நடைமுறையில் இன்னும் சிறிது தேவைப்படலாம். அப்போதும் விரல் தரும் 7 மைக்ரோ ஆம்பியர் தாராளமானதே.

செய்முறை

தேவையான பொருள்கள் மிகச் சில: பி.சி. 547 டிரான்சிஸ்டர் இரண்டு, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பாட்டரியும் அதன் தொப்பியும், சிறிது கம்பி. தில்லியில் லாஜ்பத்ராய் மார்க்கெட், சென்னையில் ரிச்சி தெரு, மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் இவை உதிரியாகவே கிடைக்கும். சிற்றூர்களில் ரேடியோ, டெலிவிஷன் பழுது பார்ப்பவரிடம் கேட்டுப் பெறலாம். ரெசிஸ்டர்களை நிற வளையங்களால் அறியலாம்: 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு, 100 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கருப்பு, மஞ்சள். நான்காவதாக வரும் பொன்னிற வளையம் துல்லியத்தைக் குறிப்பது. இங்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பிரெட்போர்டு இருந்தால் வேலை எளிது. இல்லாவிடின் உலர்ந்த பலகைத் துண்டும் எட்டுப் பித்தளை வரைபட ஊசிகளும் போதும். பின்னதற்கு ஒரு நன்மை உண்டு: பாகங்கள் அகலமாகப் பரவியிருப்பதால், வகுப்பின் பின் வரிசையிலிருந்து பார்ப்பவனுக்கும் சுற்று கண்ணுக்குத் தெரியும். பலகையில் ஊசிகளைக் குத்தி, ஒவ்வொன்றின் அருகிலும் பென்சிலால் ஓர் எண் எழுதிக்கொள்ள வேண்டும். ஊசியின் தலையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் ஈயம் நன்கு பற்றும்.

முதல் ஊசி பாட்டரியின் நேர்முனைக்கும், இரண்டாவது எதிர்முனைக்கும் உரியவை. முதல் ஊசிக்கும் மூன்றாவதற்கும் இடையே 470 ஓம் ரெசிஸ்டரை இணைக்க வேண்டும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே எல்.இ.டி.யை, அதன் நீண்ட கால் மூன்றாவது ஊசியில் அமையுமாறு இணைக்க வேண்டும். இரு டிரான்சிஸ்டர்களின் கலெக்டர்களும் நான்காவது ஊசியில் வந்து சேரும். முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் ஐந்தாவது ஊசியில்; அதன் எமிட்டரும் இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸும் சேர்ந்து ஆறாவதில். இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டர் எதிர்முனையாகிய இரண்டாவது ஊசிக்குச் செல்லும். ஏழாவதும் எட்டாவதும் விரல் தொட வேண்டிய ஊசிகள். இவை இரண்டையும் ஒரு விரல் ஒருங்கே மூடும்படி, ஆனால் ஒன்றையொன்று தொடாதபடி, நெருக்கமாகக் குத்த வேண்டும். ஏழாவதைக் கம்பியால் முதல் ஊசியுடனும், எட்டாவதை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஐந்தாவது ஊசியுடனும் இணைத்தால் சுற்று முடிந்தது. பாட்டரியை இறுதியாகவே பொருத்த வேண்டும்.

இந்த 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வீண் செலவு என்று அதை விட்டுவிடுபவர் உண்டு. விரல் மட்டுமே தொடும் வரையில் அது இல்லாமலும் விளக்கு எரியும். ஆனால் ஆர்வமுள்ள ஒரு மாணவன் விரலுக்குப் பதிலாகச் சாவியையோ நாணயத்தையோ வைத்துப் பார்ப்பான், வைக்காமல் இருக்கமாட்டான். அந்த நொடியில் பாட்டரியின் முழு அழுத்தமும் தடையின்றி முதல் பேஸில் விழுந்து டிரான்சிஸ்டர் கருகிவிடும். ரெசிஸ்டர் இருந்தாலோ பேஸுக்குச் செல்லும் ஓட்டம் 80 மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்கும்.

விளக்கு எரியாவிட்டால் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். எல்.இ.டி. தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கலாம், கால்களை வெட்டிவிட்டவர், விளிம்பு தட்டையாக உள்ள பக்கமே எதிர்முனை என்று அறியலாம். அல்லது டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கலாம். பி.சி. 547-இன் தட்டையான முகம் தம்மை நோக்கியிருக்க, கால்கள் கீழ்நோக்கியிருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். கடைக்காரர் அதற்கு இணை என்று தரும் 2என். 3904 என்னும் வகையில் இவ்வரிசை நேர்மாறானது: எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டும் ஒரே தோற்றமுடையவை. மேலே பொறித்த எழுத்தைப் படிக்காமல் பொருத்துவது கூடாது. குற்றம் எங்கே என்று தேட, விரலுக்குப் பதிலாக ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரைத் தொடு ஊசிகளின் குறுக்கே வைத்துப் பார்க்கலாம். அதற்கு விளக்கு எரிந்தால் சுற்று சரி. விரல்தான் மிகவும் உலர்ந்தது.

9 வோல்ட் பாட்டரி கிடைக்காத ஊரில் மூன்று பேனா டார்ச் செல்களைத் தொடராக வைத்து 4.5 வோல்ட் பெறலாம். 470 ஓமுக்குப் பதில் 150 ஓம் பயன்படுத்தினால் ஒளி குறையாது. நீண்ட நாள் உழைப்பதும் இச்செல்களே. சுவிட்சு தேவையில்லை, யாரும் தொடாதபோது சுற்றில் செல்லும் ஓட்டம் கருதத்தக்கதன்று.

தொடாமலே ஒளிரும்போது

எரியாத விளக்கைச் சரிசெய்வது எளிது. தொடாமலே எரியும் விளக்குதான் கற்பிக்கத் தக்க பாடங்களைத் தன்னுள் கொண்டது. இவ்வகைச் சுற்றைப் பலகையில் செய்தவர்கள் கோடையில் மகிழ்ந்து, மழைக்காலத்தில் மனம் சோர்வதுண்டு. ஈரக் காற்றில் மரம் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஊசிகளுக்கிடையே மரத்தின் தடை ஐந்து கோடி ஓமாக இறங்கினாலும் போதும். அதன் வழியே கசியும் ஓட்டம் 0.15 மைக்ரோ ஆம்பியர். அதையும் 40,000 மடங்கு பெருக்கினால் 6 மில்லி ஆம்பியர். விளக்கு பாதி ஒளியுடன் இரவெல்லாம் எரிந்து பாட்டரியைத் தீர்த்துவிடும். தொடு ஊசிகளை மட்டும் பிளாஸ்டிக் அளவுகோல் துண்டின்மேல் அமைத்து, எட்டாவது ஊசிக்கும் ஐந்தாவது ஊசிக்கும் உரிய இணைப்பைப் பலகையில் படாமல் மேலாக எடுத்துச் சென்றால் இக்கசிவு பெரிதும் நீங்கும். சுற்றில் தவறு ஏதுமில்லை என்பதையும், கேட்டதைவிட மிகுதியாக அது உணர்கிறது என்பதையும் மாணவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விந்தை: சில வீடுகளில் ஏழாவது ஊசியைத் தொடாமல் எட்டாவது ஊசியை மட்டும் தொட்டாலும் விளக்கு மங்கலாக ஒளிரும். பாட்டரியின் நேர்முனையிலிருந்து விரலுக்கு வழியே இல்லாதபோது ஓட்டம் எங்கிருந்து வந்தது? சுவர்களுக்குள் ஓடும் மின் கம்பிகளுக்கும் மனித உடலுக்கும் இடையிலும் மிகச் சிறிய மின்தேக்குத் திறன் உண்டு. அதன் வழியே 50 சுழற்சி மாறுதிசை மின்சாரத்தின் சிறு சாயல் உடலில் எப்போதும் படிந்திருக்கிறது. நாம் உணர்வதில்லை, டார்லிங்டன் இணை உணர்கிறது. விளக்கும் உண்மையில் தொடர்ந்து ஒளிர்வதில்லை. வினாடிக்கு 50 முறை மின்னி மின்னி அணைகிறது. இருண்ட அறையில் பலகையை விரைவாக அசைத்தால், ஒளிக்கோடு துண்டு துண்டாகத் தெரியக் காணலாம்.

இதைச் சரிபார்க்க நம் நாட்டில் ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை, மின்வெட்டு போதும். ஊர் முழுவதும் மின்சாரம் நின்ற நேரத்தில் எட்டாவது ஊசியை மட்டும் தொட்டால் விளக்கு எரிவதில்லை. இரண்டையும் சேர்த்துத் தொட்டால் முன்போலவே எரிகிறது. மின் கம்பிகளுக்கு வெகு தொலைவில் உள்ள வயல்வெளியிலும் இதே முடிவு கிடைக்கும். ஒரு விரலால் ஒரு தகட்டைத் தொட்டு இயங்கும் சுற்று நகரத்தில் நன்றாக வேலை செய்து, மின் கம்பி எட்டாத மலைக் கிராமத்தில் பொய்ப்பதற்கும் இதுவே காரணம். களப்பணியாளர்கள் தம்முடன் எடுத்துச் செல்லும் சாதனத்தை இரு தகடுகள் கொண்டதாகவே அமைத்துக்கொள்வது உத்தமம்.

கைப்பேசியின் திரையும் தொடுதலை உணர்வதுதான்; ஆனால் அது தோலின் தடையை அளப்பதில்லை. கண்ணாடிக்கு அடியிலுள்ள கடத்திகளின் மின்தேக்குத் திறன் விரல் நெருங்கும்போது மாறுவதை அது கணிக்கிறது. ஆகவே கண்ணாடி நடுவே இருந்தும் அது வேலை செய்கிறது; உலர்ந்த குச்சியால் தொட்டால் செய்வதில்லை. இவ்வழியை 1965-இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் விவரித்து எழுதினார்.

பாட்டரி மட்டுமே

இச்சுற்றில் மனித உடல் ஓர் அங்கமாகிறது. ஆகவே இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பாட்டரி தீர்ந்துபோன மாலையில், வீட்டிலிருக்கும் கைப்பேசி சார்ஜரிலிருந்து 5 வோல்ட் எடுத்தால் என்ன என்னும் எண்ணம் எவருக்கும் தோன்றும். நன்கு செய்யப்பட்ட சார்ஜரில் 230 வோல்ட் பகுதியும் 5 வோல்ட் பகுதியும் பிரிக்கப்பட்டிருக்கும். மலிவான சார்ஜரில் அப்பிரிவு எவ்வளவு உறுதியானது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. அது முறிந்தால், தொடு ஊசி வீட்டு மின் கம்பிக்கு நிகராகிவிடும்.

இதனினும் கொடியது பழுதான எல்.இ.டி. பல்பு. மாணவர்கள் அதைப் பிரித்து, உள்ளேயுள்ள சிறு பலகையிலிருந்து பாகங்களை எடுத்துப் பயன்படுத்த விரும்புவர். குளிர்ந்த பாகங்களைத் தனியே கழற்றி எடுப்பதில் தீங்கில்லை. ஆனால் அப்பலகையையே மின்சாரம் தரும் சாதனமாகக் கொள்வது உயிருக்கு ஆபத்தானது. இத்தகைய பல்புகள் பலவற்றில் பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. எல்.இ.டி.யின் முனைகளுக்கிடையே சில வோல்ட்தானே என்று மீட்டர் காட்டலாம். அதே முனைக்கும் தரைக்கும் இடையிலோ 230 வோல்ட் வரை இருக்கக்கூடும். தரையில் வெறுங்காலுடன் நிற்கும் சிறுவன் தொடுவது இரண்டாவது வகை அழுத்தத்தை.

எண்களை ஒப்பிட்டுக் காட்டினால் மாணவர் இதை மறக்கமாட்டார். தொடு விளக்கில் விரல் வழியே செல்வது 7 மைக்ரோ ஆம்பியர். மனிதர் மின்சாரத்தை உணரத் தொடங்குவது ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியரில். அதாவது இதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். வீடுகளில் பொருத்தும் கசிவுப் பாதுகாப்புச் சுவிட்சு 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுகிறது. அதற்கு மேல் நீடிப்பது இதயத்தின் துடிப்பைக் குலைக்கக்கூடும். ஈரக் கையின் ஐந்தாயிரம் ஓம் தடையின் குறுக்கே 230 வோல்ட் வந்தால் செல்வது 46 மில்லி ஆம்பியர்.

பாட்டரியால் இயங்கும் வரையில் அச்சமின்றி ஒரு வேடிக்கை செய்து காட்டலாம். தொடு ஊசிகள் இரண்டிலிருந்தும் நீண்ட கம்பிகளை எடுத்து, முனைகளில் இரு எவர்சில்வர் கரண்டிகளைக் கட்டி, இரு மாணவரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். அவர்கள் மறுகைகளைக் கோத்துக்கொண்டால் விளக்கு எரியும். இடையே மூன்றாமவர், நான்காமவர் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். பத்துப் பேர் கை கோத்து நின்றாலும், மொத்தத் தடை சில மெகா ஓமாக உயர்ந்து ஓட்டம் ஒன்றிரண்டு மைக்ரோ ஆம்பியராகக் குறைந்தாலும், விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். நடுவில் எவரேனும் கையை விட்டதும் அணையும். விட்டவர் யார் என்று தேடுவதில் வகுப்பு சிறிது நேரம் அமளிப்படும். அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

நீருக்கும் மண்ணுக்கும்

விரலுக்குப் பதிலாக வேறு பொருள்களை வைத்தால் இதே சுற்று களப்பணிக்கும் உதவும். இரு கம்பிகளை மேல்நிலைத் தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டால், நீர் அம்மட்டத்தை எட்டியதும் விளக்கு எரிந்து, மோட்டாரை நிறுத்தச் சொல்லும். காய்ச்சி வடித்த நீர், கிணற்று நீர், உப்பிட்ட நீர் ஆகியவற்றை மூன்று கிண்ணங்களில் வைத்து ஒப்பிடுவதற்கு, ஓர் டிரான்சிஸ்டர் மட்டும் கொண்ட சுற்றே ஏற்றது. டார்லிங்டன் இணை மூன்றிற்கும் ஒரே ஒளியைக் காட்டிவிடும். உணர்வு மிகுந்த சாதனம் எப்போதும் சிறந்த சாதனமாவதில்லை. மண்ணின் ஈரத்தைப் பார்க்க இரு ஆணிகளை ஒரு சாண் ஆழத்தில் ஊன்றுவர். மண்ணில் உள்ள உப்பின் அளவுக்கேற்பவும் தடை மாறுமாதலால், ஒரு வயலில் கண்ட ஒளியை மற்றொரு வயலின் ஒளியோடு ஒப்பிடலாகாது. அதே வயலில், அதே இடத்தில், நாளுக்கு நாள் ஒப்பிடலாம்.

நீரிலும் மண்ணிலும் ஓயாமல் நேர்திசை மின்சாரம் செலுத்தினால் மின்பகுப்பு நிகழ்கிறது. நேர்முனையுடன் இணைந்த செம்புக் கம்பி சில வாரங்களில் பச்சை பூத்து அரித்துவிடும். எதிர்முனைக் கம்பி கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். எது நேர்முனை என்பதை மறந்தவர் இதைக் கொண்டே கண்டுகொள்ளலாம். தொட்டிக்குப் பென்சிலின் கரிமக் குச்சியோ எவர்சில்வர் கம்பியோ நீண்ட நாள் உழைக்கும்.

விரல்கள் அடிக்கடி படும் ஊசிகளுக்கிடையே வியர்வையின் உப்பு மெல்லிய படலமாகத் தங்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, மழை நாட்களில் விளக்கைத் தானே எரியச் செய்யும். வாரம் ஒரு முறை சற்று நனைந்த துணியால் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் சரியாகிவிடும். துடைப்பதற்கு முன் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கோடை விடுமுறைக்குப் பள்ளியைப் பூட்டும்போதும் அவ்வாறே.